பன்னிரண்டு மோட்டாரும் ஒரு விண்கப்பலும்

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதெல்லாம் நம் வயசுக்காரிகள் நீங்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறீர்கள். "நாமெல்லாம் தாயம் ஆடனோம், பாண்டி ஆடனோம். இதுங்கள பாரேன், போனை வச்சிக்கினு டுமீல் டுமீல்னு சுட்டுக்கினு கெடக்குதுங்க." நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். முந்தானை எதற்கு என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை. சிரிப்பை மறைக்கத்தான்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்த எண்ணெய் பாக்கெட்டைக் குனிந்து எடுக்க முடியாத இந்தப் பொம்பளை, பன்னிரண்டு வயசில் ஆகாயத்தில் கப்பல் ஓட்டியவள். எதிரிக் கப்பல்களைச் சுட்டுப் பொசுக்கியவள். எத்தனை என்று கேட்காதீர்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து தாண்டிய பாண்டிக் கட்டங்களைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் பக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கே ஒரு டிவி, அதுவும் பஞ்சாயத்து ஆபீசில், அதுவும் பாதி நாள் மழை பெய்கிற மாதிரி தெரிந்த காலம். அப்போது அரசாங்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பள்ளிக்கூடங்களுக்கு கம்ப்யூட்டர் என்று ஒரு பெட்டி அனுப்பியது. எங்கள் பள்ளிக்கு ஏன் வந்தது என்று தலைமை ஆசிரியருக்கே தெரியாது. வந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஒரு பூட்டு வாங்கியது. இரண்டாவது, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தது. தையல் டீச்சர் மஞ்சள் துணியில் உறை தைத்து, மூலையில் ஒரு ரோஜாப்பூவும் போட்டுக் கொடுத்தார். அந்த உறை இப்போது யார் வீட்டில் தலையணைக்குப் போட்டுக் கிடக்கிறதோ.

அறிவியல் அறையில் வைத்துப் பூட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கு அதில் சிரமமில்லை, செருப்பே கிடையாது. உள்ளே போனால் சூடான தூசி, புது பிளாஸ்டிக், சந்தனம் மூன்றும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் மிக்ஸியை ரொம்ப நேரம் ஓட்டினால் அதில் பாதி வரும். மீதிப் பாதி வராது.

பெட்டி ஒன்பதாவது, பத்தாவது பையன்களுக்கு மட்டும். வாரத்துக்கு ஒரு நாள் நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். அறிவியல் சார் ஒரு பையனின் பெயரைத் தட்டுவார். பெயர் பச்சையாகத் திரையில் வரும். எல்லாரும் ஆ என்பார்கள். உறையை மூடிவிடுவார். அவ்வளவுதான் பாடம். சார் ராஜகுளத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பட்டணத்தில் பத்து நாள் பயிற்சி எடுத்தவர். அந்தப் பத்து நாள் போதவில்லை என்று சனிக்கிழமை காலையிலும் வந்து தனியாகப் பயிற்சி எடுப்பதாகத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். அவர் எடுத்த பயிற்சி என்ன என்று எனக்குத்தான் தெரியும். அந்த அறையைப் பெருக்குவது ஏழாம் வகுப்புப் பெண்களின் வேலை. பையன்களுக்கு விளக்குமாறு பிடிக்கத் தெரியாதாம். ரொம்ப நல்லதாகப் போயிற்று.

பெட்டியோடு சில கேசட்டுகள் வந்திருந்தன. பாட்டுக் கேசட் மாதிரியேதான் இருக்கும். சார் அதில் ஒன்றை டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிடுவார். நண்டு தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வெகுநேரம் வரும். பிறகு சத்தம் நின்று, திரை கிணறு மாதிரி கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பச்சைப் புள்ளி வரும். பிறகு இன்னொன்று. நடுவிலிருந்து கிளம்பி மெதுவாகப் பெரிதாகி, ஓரத்துக்கு வந்து, நம் காதோரமாகப் பின்னால் போய்விடும். நட்சத்திரங்கள். ஒன்று போனதும் இன்னொன்று. சத்தமே இல்லாமல். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில் காலடியில் தரை இருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொள்வேன். அறை, பள்ளிக்கூடம், அதைச் சுற்றி இருந்த வயல் எல்லாம் கட்டவிழ்ந்து மெள்ள மிதந்து போகிற மாதிரி இருக்கும். இப்போது பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் சில நாள் அப்படி வருகிறது. ஆனால் அதில் நட்சத்திரம் இல்லை.

நட்சத்திரங்களுக்கு நடுவில் சின்னச் சின்ன முக்கோணங்கள் வரும். அவைதான் எதிரிகள். மூன்று கூட்டம் வரும். மூன்றையும் ஒழித்தால் தாய்க்கப்பல் வரும். அதை ஒழித்தால் போர் முடிந்தது. நாம் இருக்கிற கப்பல் திரையில் தெரியாது, நாமே அதற்குள் இருக்கிறோம் அல்லவா. அடியில் நான்கு கோடுகள் மட்டும் தெரியும். முன்பக்கக் கவசம், பின்பக்கக் கவசம், பீரங்கி, இன்ஜின். நான்குக்கும் சக்தி ஒரே தொட்டியிலிருந்து போகவேண்டும். ஒன்றுக்குக் கூட்டினால் மற்றது குறையும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது கூடும் என்று சார் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

சார் என்ன செய்வார் தெரியுமா. இருக்கிற சக்தி முழுவதையும் பீரங்கிக்கே கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுடுவார். எதிரி பின்னால் சுற்றி வந்து ஒரு போடு போடுவான். கப்பல் வெடித்துவிடும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். நாலு சனிக்கிழமை பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாவது சனிக்கிழமை வாய் நிற்கவில்லை.

"சார், பின்னாடி வாய்க்கா காஞ்சி கீது."

"என்னது?"

"அதோ ரெண்டாவது கோடு. ஒரு சொட்டு இல்ல. எல்லாத்தையும் துப்பாக்கிக்கே வுட்டுட்டீங்க, தலைமடைக்காரன் மாதிரி."

"நீ பெருக்க வந்தியா, பேச வந்தியா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் வெடித்தது. சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எங்க, நீ உக்காரு பார்க்கலாம்."

இதற்கு என் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் நைனா அந்த ஊர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை எந்த நாளில் திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முடிவு செய்கிறவர். மதகைத் திறக்கிற சாவி எங்கள் வீட்டு மூலையில்தான் சாய்ந்து நிற்கும். சாவி என்றதும் பீரோ சாவியை நினைக்காதீர்கள். என்னைவிட ஒரு முழம் உயரமான இரும்புக் கழி. நைனாவைத் தவிர ஊரில் ஒருத்தர் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால் ஏரி கோபித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஆளாளுக்குத் தொட ஆரம்பித்தால் வெட்டுக்குத்தில் முடியும் என்பது அதற்கு உள்ளே இருந்த விஷயம்.

நைனாவோடு வாய்க்கால் கரையில் நடந்தே வளர்ந்தவள் நான். ஏரிக்குப் பக்கத்து வயல்காரன், அதாவது தலைமடைக்காரன், எப்படியும் குடித்துக்கொள்வான், கடைசியில் இருக்கிற கடைமடைக்கு முதலில் போய்ச் சேரவேண்டும் என்பது நைனாவின் முறை. நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அதைத்தான் செய்தேன். முதலில் பின்பக்கக் கவசத்தை நிரப்பினேன். எதிரி பின்னால் வந்து மோதி ஏமாந்தான். அவன் திரும்புகிற நேரத்தில் பின்பக்கத்தை அடைத்து முன்பக்கம் விட்டேன். சும்மா இருக்கும்போது இன்ஜினுக்கு எதற்குத் தண்ணி என்று அதையும் அடைத்தேன். பீரங்கிக்குச் சுடுகிற நேரத்தில் மட்டும் ஒரு மடை. ஆங்கிலத்தில் என் பெயரை எழுதவே தடுமாறுவேன். ஆனால் அந்த நான்கு கோடுகளும் எனக்கு நான்கு வாய்க்கால். முதல் கூட்டம் முழுவதும் அன்றே போயிற்று.

"இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் சார்.

"எங்க நைனா."

"அவரு எங்க ஆடினாரு?"

"ஏரியில."

அதிலிருந்து சனிக்கிழமைகளில் நான் ஆட, அவர் பெருக்கினார். பொய்யில்லை. யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று விளக்குமாற்றை அவரே கையில் வைத்துக்கொள்வார், அப்படியே இரண்டு இழுப்பு இழுத்தும் விடுவார்.

ஆனால் போர் முடியவே இல்லை. காரணம் எதிரி இல்லை, மோட்டார். வயல் கிணறுகளுக்கு கரண்ட் விடுகிற நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. சார் வருகிற பஸ்ஸும் பத்துக்குத்தான் வரும். பத்தேகாலுக்கு ஊரில் இருந்த பன்னிரண்டு மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக உறும ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அதே கம்பியில்தான் கரண்ட், அதே இரண்டு மணி நேரம்தான். ஒவ்வொரு மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போதும் திரை ஓரங்களில் சுருங்கும். நட்சத்திரங்கள் இடுப்பு ஒடிந்து நெளியும். பிறகு படக்கென்று எல்லாம் இருண்டு, பெட்டி முதலிலிருந்து தொடங்கும். மறுபடி நண்டு, தகரம். போரை முடிக்க ஒன்றேகால் மணி நேரம் விடாமல் ஆடவேண்டும் என்று கேசட்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். நாங்கள் இருபது நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

மார்கழி பாதியில் ஒரு சனிக்கிழமை சார் உறையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"பொங்கல் லீவு முடிஞ்சதும் இதை டவுன் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். இங்க யாருக்கும் பிரயோஜனம் இல்லன்னு எழுதிட்டாங்க."

"அப்ப தாய்க்கப்பலு?"

"அடுத்த சனிக்கிழமை ஒண்ணுதான் இருக்கு."

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நட்சத்திரம் வரும். மூன்று கூட்டத்துக்குப் பின்னால், நான் பார்த்தே இராத ஒன்று, கறுப்புக்குள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலே நான் பெரியவளாகி, கல்யாணமாகி, கிழவியாகிவிடுவேன் என்று நினைத்தேன். மற்ற எல்லாம் எப்படியும் நடந்துவிடும், இது ஒன்றுதான் நடக்காது என்று தோன்றியது. பன்னிரண்டு வயசுக்குச் சரியான கணக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நைனா கள்ளுக்கடையிலிருந்து வந்தார். நைனா குடித்தால் சண்டை போடமாட்டார், எல்லாரையும் பாராட்டுவார். எருமையைக்கூட அன்றைக்குப் பாராட்டினார். பிறகு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு மதகு தொறக்கறேன். எல்லார் வூட்லயும் சொல்லிட்டு வா. நாளைக்கு நான் ஏனாத்தூருல உங்க அத்தையைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடறேன்."

ஊருக்குள் சேதி கொண்டு போவது எப்போதும் என் வேலைதான். "நைனா சொல்லச் சொன்னார்" என்று நான் ஆரம்பித்தால், பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட சோற்றில் வைத்த கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முதல் வீடு மேட்டுத்தெரு பெரியவருடையது. அவருக்கு மட்டும் இரண்டு மோட்டார். வாசலில் நின்றேன். என் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது வேறு.

"நைனா சொல்லச் சொன்னார். நாளைக்கு சனிக்கெழம பத்து மணிக்கு மதகு தொறக்கறாராம். மோட்டார் போட வேணாமாம். ரெண்டு தண்ணியும் சேந்தா வாய்க்கா கரை தாங்காதாம்."

"நாளைக்கா? சரி சரி. கரண்டும் மிச்சம்," என்றார்.

முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வீட்டில் சரளமாக வந்தது. மோட்டார்க்காரர்கள் அத்தனை பேரையும் முடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். கடைமடை அத்தையிடம் மோட்டாரே கிடையாது. புருஷன் செத்தபின் அரை ஏக்கரைத் தனியாக உழைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள். அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். ஆனால் சேதி சொல்லப் போனால் கடைசியாக அவள் வீட்டுக்குப் போவதும், அவள் வேர்க்கடலை கொடுப்பதும் வழக்கம். போகாவிட்டால் நாளைக்குக் கேட்பாள். போனேன். சொன்னேன். கடலையும் வாங்கிக்கொண்டேன்.

"நல்ல சேதி சொன்னே. உப்பு வாங்கி வச்சிக்கினு தண்ணி எப்போன்னு குந்திக்கினு கீறேன்," என்றாள். உப்பு என்றால் வயலுக்குப் போடுகிற யூரியா. கதிர் பயிரின் வயிற்றுக்குள் இருக்கிற சமயத்தில் அதைப் போடவேண்டும். போட்டதும் தண்ணீர் பாயவேண்டும், இல்லாவிட்டால் பயிர் வெந்துவிடும்.

சனிக்கிழமை காலை நைனா முதல் பஸ்ஸில் ஏனாத்தூர் போய்விட்டார். பத்தேகால் ஆயிற்று. ஒரு மோட்டார் சத்தமும் இல்லை. ஊரை அப்படி ஒரு அமைதியில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. குளத்து மீன்கொத்தி கூப்பிடுவது அறிவியல் அறை வரைக்கும் கேட்டது. திரை நான்கு மூலைக்கும் நிறைந்து பச்சையாக நின்றது.

"கரண்ட் ஆபீசுல இன்னிக்கு யாரோ நல்லவன் குந்திகினு கீறான்," என்றார் சார். பேசும்போது எங்கள் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது அவருக்கு, அவ்வளவு சந்தோஷம்.

முதல் கூட்டம் போயிற்று. இரண்டாவது போயிற்று. கை தானாக மடைகளைத் திறந்து மூடியது. நட்சத்திரங்கள் என் இரண்டு பக்கமும் கடந்துகொண்டே இருந்தன. சார் விளக்குமாற்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது கூட்டத்தில் கடைசி முக்கோணம் உடைந்ததும் திரையில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு. கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பள்ளிக்கூட ஜன்னலுக்குக் கீழே கடைமடை வயல். வாய்க்கால் நெடுக ஆண்கள் மண்வெட்டியோடு நின்றுகொண்டு ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை இடுப்பில் ஈயச் சட்டியை இடுக்கிக்கொண்டு தன் வயலுக்குள் இறங்கியிருந்தாள். தண்ணீர் வந்து சேருவதற்குள் தூவி முடித்துவிடலாம் என்ற கணக்கு அவளுக்கு. கையை வீசினாள். வெள்ளை மணிகள் வெயிலில் மின்னிக்கொண்டு விரிந்து வந்து, பச்சைப் பயிரில் மறைந்தன. மறுபடி வீசினாள். திரையில் வருகிற மாதிரியே இருந்தது. அத்தனை மெதுவாக, அத்தனை அழகாக.

தண்ணீர் இல்லாத வயலில் அந்த உப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று நீர்க்கட்டி மகளுக்குத் தெரியாதா. தெரியும். ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். பாதி வயலாவது தப்பியிருக்கும்.

"வந்துடுச்சி பாரு," என்றார் சார்.

திரும்பினேன். திரையின் நடுவில் தாய்க்கப்பல். ஒரு புள்ளியாகத்தான் இருந்தது, பிறகு கட்டில் அளவு, பிறகு வீடு அளவு. கோடு கோடாக, உள்ளே இன்னும் கோடுகள். அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் மறுபடி திரும்பவில்லை. இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. கப்பல் ஓட்டியதை இல்லை.

ஜெயித்தேன். கடைசியில் எல்லா மடையையும் அடைத்துவிட்டு, தொட்டியில் இருந்த அத்தனையையும் பீரங்கிக்கே விட்டேன், சார் மாதிரி. தாய்க்கப்பல் சத்தமில்லாமல் துண்டு துண்டாகப் பிரிந்து என் காதோரம் போயிற்று. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது.

"என்னா சார் போட்டு கீது?"

"போர் முடிஞ்சிடுச்சாம். வூட்டுக்குப் போலாமாம்."

வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு கரண்ட் போய்விட்டது. மோட்டாரும் ஓடவில்லை, ஏரித் தண்ணீரும் வரவில்லை. ஊர் ஆண்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சாவி மூலையில் சாய்ந்து நின்றது, வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும். யாராவது எடுத்துக்கொண்டு போய்த் திறந்திருக்கலாம். ஒருத்தரும் கை வைக்கவில்லை. நைனா வரட்டும் என்று அந்த வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை மட்டும் வயலிலேயே நின்றாள். கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள் என்று அப்புறம் சொன்னார்கள். அரை ஏக்கருக்குக் குடம்.

நாலு மணி பஸ்ஸில் நைனா இறங்கினார். பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"இன்னாப்பா நீர்க்கட்டி, சனிக்கெழமன்னு சொல்லி அனுப்பிட்டு நீ ஏனாத்தூர்ல போய் குந்திகினு கீறே?" என்றார் மேட்டுத்தெரு பெரியவர்.

"சனிக்கெழமையா? நான் நாயித்து..." என்று ஆரம்பித்த நைனா நிறுத்தினார்.

"உன் பொண்ணு அத்தினி வூட்லயும் ஒரே மாதிரிதான் சொல்லிச்சி. கொயந்த போய் பொய் சொல்லுமா?"

"நேத்து சாயங்காலம் இவரு எந்த லட்சணத்துல இருந்தாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் என் சித்தப்பா, நைனாவின் தம்பி. "எருமைக்கு சலாம் போட்டுக்கினு இருந்தாரு."

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அத்தை அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கால் முட்டி வரை சேறு.

"உப்பை போட்டுட்டேன் அண்ணே. பயிரு வெந்துகினு கீது," என்றாள். அழவில்லை. செய்தி சொல்கிற மாதிரி சொன்னாள்.

சிரிப்பு நின்றது. நைனா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மடையிலிருந்து தண்ணீர் அடுத்த மடைக்குத் திரும்புகிற நேரம்தான். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் தாழ்த்தினால் கண்டுபிடித்துவிடுவார் என்ற தந்திரம்.

"நான்தான் சொல்லியிருப்பேன்," என்றார். "போதையில நாக்கு பொரண்டிருக்கும். கொயந்த மேல தப்பு இல்ல."

வீட்டுக்கு வந்து சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு போய், பொழுது சாய்வதற்குள் மதகைத் திறந்தார். கடைமடை நனைந்த பிறகு சாவியைச் சித்தப்பா கையில் கொடுத்தார். நீர்க்கட்டியின் வாக்கு ஒருமுறை தவறினால் சாவி கை மாறவேண்டும் என்பது ஊர் முறை. தன் கையாலேயே கொடுத்ததால் ஊர் அதைக் கேட்க வேண்டி வரவில்லை.

அன்றோடு நைனா கள்ளைத் தொடவில்லை. அம்மா அதை மாரியம்மன் செய்த காரியம் என்று நம்பி, ஆடி மாசம் மூன்று பானை கூழ் ஊற்றினாள். நான் ஊற்றிக் கொடுக்கக் கூட நின்றேன். அம்மனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

அத்தைக்கு அந்த அறுப்பில் பாதிக்குமேல் பதர். தூற்றும்போது காற்று எடுத்துக்கொண்டு போனதுதான் அதிகம். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். படிப்பு ஏறவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அத்தை வயலுக்குக் களை எடுக்கப் போனேன். கூலி வாங்கவில்லை. வீட்டில் வேலை இல்லை என்று சொன்னேன். அத்தை நம்பினாள். அறிவியல் சார் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்தப் பொண்ணை நிறுத்தாதீங்க. ரொம்பக் கெட்டிக்காரி."

"எதுல சார் கெட்டிக்காரி? அதுவே தலையில ஒண்ணும் ஏறலன்னு சொல்லுது," என்றாள் அம்மா.

சார் வாயைத் திறந்தார். எதில் கெட்டிக்காரி என்று சொன்னால், சனிக்கிழமைதோறும் அவர் எடுத்த பயிற்சியையும் சொல்லவேண்டும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊர் என்னை மக்கு என்றே முடிவு செய்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

சித்தப்பா ஒரு போகம் சாவி வைத்திருந்தார். ஏரிக்கரைக்காரர்களுக்கே தண்ணீர் போயிற்று. கடைமடை வெடித்தது. கோயில் முன்னால் போய் நின்று, "குடிச்சிட்டு ஒரு நாளு தப்பா சொன்னவன் தேவலாம், இவரு தெளிவா இருந்துகினே பேஜார் பண்றாரு. சாவியை அண்ணன் கையில குடுங்க" என்று கேட்டவள் கடைமடை அத்தைதான். சாவி எங்கள் வீட்டு மூலைக்குத் திரும்பி வந்தது.

வந்த முதல் தடவை, மதகு திறக்கிற நாளை நைனா முடிவு செய்தார். நான் வழக்கம்போல வாசலில் போய் நின்றேன்.

"நான் போய் சொல்லிட்டு வரேன் நைனா."

"வேணாம். நீ வூட்ல இரு. நானே போய்க்கினு வரேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தார். அடுத்த தடவையும் அவரே. முட்டி வீங்கி, தடி ஊன்றுகிற காலம் வரைக்கும் ஒவ்வொரு முறைக்கும் தானே போய்ச் சொன்னார். கல்யாணமாகி நான் வந்திருக்கும்போதுகூட, எதிரில் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், அவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார். கிழவருக்குப் பிடிவாதம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் போய்ப் பல வருஷம் கழித்து, ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தன் நாக்குதான் புரண்டது என்று நம்பிய மனுஷன், கள்ளை விட்டால் போதும். சேதி சொல்ல என்னை மறுபடி அனுப்பியிருக்கலாம். கள்ளையும் விட்டார், என்னை அனுப்புவதையும் விட்டார். கோயில் முன்னால் அந்த ஒரு நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, இன்னொரு தடவை என் கையில் ஊரின் தண்ணீரைக் கொடுக்கவும் இல்லை.

ஏன் செய்தாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நட்சத்திரத்தைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அந்த மழை நாளில் நான் வாசலில் நின்று, சாக்குப் போட்ட அந்த முதுகு வரப்பில் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் வெகுநேரம் இருந்தார்.